அக்கா சொன்ன ‘கெல்’

செப்டம்பர் 3, செவ்வாய்

உருளைக்கிழங்கு தோண்டி முடித்தாயிற்று. எழுபத்திரண்டு மூட்டை. சரி, நாற்பத்தொன்று. பக்கத்து வீட்டு ஜூனுஷ் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “எத்தனை தேறிச்சு மூசாகுல்?” என்று கேட்டபோது வாயில் எழுபத்திரண்டு என்று வந்துவிட்டது. சொன்ன சொல் மாறக் கூடாது. அதனால் இங்கேயும் அதையே எழுதினேன்.

மதியம் ஒரு பெண் வந்தாள். பெயர் சல்தனத். தலைநகரத்தில் பல்கலைக்கழகத்தில் வேலை. ஊரெல்லாம் கிர்கிஸுக்கு மாறியபின் கிழவர்கள் வாயில் மட்டும் மிஞ்சிய நம் கல்மாக் பேச்சைச் சேகரிக்கிறாளாம். செல்பெக் ஊரில் அதை நன்றாகப் பேசுகிறவர் யார் என்று கேட்டாள். ஜூனுஷ் என் அக்கா கலிச்சாவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். விடுவேனா?

“அக்காவுக்கு எண்பத்திரண்டு வயசும்மா. எல்லாம் மறந்துபோச்சு. பாவம், அவங்களத் தொந்தரவு பண்ணாதீங்க. மலைக்கு இந்தப் பக்கம் சுத்தமான கல்மாக் வேணும்னா இந்த ஒரு வாய்தான்,” என்று என் வாயைத் தொட்டுக் காட்டினேன்.

நூற்றிருபது வார்த்தை கொடுத்தேன், ஒரே மூச்சில். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு இது சின்னக் காரியமா? அதில் நிஜமாகத் தெரிந்தது நாற்பதுக்குள்தான் — எண்கள், ஆடு மாடு குதிரை, அவற்றின் உறுப்புகள், சாப்பாடு, கெட்ட வார்த்தைகள். மீதிக்குக் கிர்கிஸ் வார்த்தையைப் பிடித்து வாலை முறுக்கிவிட்டேன். விமானத்துக்கு என்ன என்றுகூடக் கேட்டாள். கொடுத்தேன். “எவ்வளவு அழகான சொல்!” என்று கண்ணை விரித்துக் குறித்துக்கொண்டாள். எனக்கும் அது அழகாகத்தான் பட்டது.

செப்டம்பர் 9, திங்கள்

ஏரியில் குளித்தேன். அக்கரை வரை நீந்திப்போய்த் திரும்பினேன் என்று ஜூனுஷிடம் சொன்னேன். அக்கரை அறுபது கிலோமீட்டர். “தலைமுடி காய்ஞ்சிருக்கே?” என்றான். வந்த வேகத்தில் காய்ந்துவிட்டது என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

அக்கா விழுந்துவிட்டாள்.

காலையில் பால் கறந்துவிட்டு வாளியோடு கொட்டகை வாசலில் சாய்ந்திருக்கிறாள். மருமகள் அனார்கான்தான் பார்த்து, யாரையோ காருக்குக் கெஞ்சி, கரகோல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவள் புருஷன் பெய்ஷென், அக்காவின் ஒரே மகன், ரஷ்யாவில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருக்கிறான். ஆறு வருஷம் ஆயிற்று. வீட்டில் மாமியாரும் மருமகளும்தான்.

வலது கை, வலது கால் இரண்டும் அசையவில்லை. வாய் கோணியிருக்கிறது. மூளையில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். நான் வராந்தாவில் நின்று எல்லோரிடமும், “எங்க அக்கா இரும்பு. எழுந்து வந்து நாளைக்கு மாடு கறப்பா பாரு,” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 14, சனி

அக்கா பேசுகிறாள். ஆனால் —

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். “ரெண்டு நாளா ஏதோ சொல்றாங்க. குழறல்னு நெனச்சேன். நர்ஸ்தான் இது ஏதோ பாஷை மாதிரி இருக்குன்னு சொன்னா. உங்க வீட்ல என்ன பேசுவீங்க?”

அக்கா தலைக்குள் இருந்த கிர்கிஸ் பூராவும் அழிந்துபோயிருக்கிறது. சில பேருக்கு அப்படி ஆகுமாம், குழந்தையில் முதலில் வந்த பேச்சு மட்டும் மிஞ்சுமாம். எழுபது வருஷம் வாய் ஓயாமல் பேசிய கிர்கிஸை நாங்கள் பேசினால், வேற்று நாட்டான் பேச்சைக் கேட்பவள்போல விழிக்கிறாள். மிஞ்சியது கல்மாக் மட்டும்.

“மருமகளுக்குத் தெரியாதா?”

“நான் நரின் பக்கம், சார். கிர்கிஸ்காரி,” என்றாள் அனார்கான்.

“மகனுக்கு?”

“அவருக்கும் தெரியாது.”

“அப்போ யாருக்குத்தான் தெரியும்?”

அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கமாட்டார்களா? அறுபது வருஷமாக ஊர் பூராவும் நான்தானே சொல்லி வைத்திருக்கிறேன்.

தொப்பியைச் சரிசெய்துகொண்டு கட்டிலருகே போனேன். என்னைக் கண்டதும் அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம். மடமடவென்று பேச ஆரம்பித்துவிட்டாள். வாயின் ஒரு பக்கத்தால் அவ்வளவு பேச்சு! எனக்குப் பிடிபட்டது இரண்டே வார்த்தை. ‘உசுன்’ என்றால் தண்ணீர். ‘உக்ர்’ என்றால் பசு.

“பசுவுக்குத் தண்ணி காட்டினியான்னு கேக்கறாங்க,” என்றேன்.

“காட்டிட்டேன் அத்தை, காட்டிட்டேன்,” என்று அனார்கான் அழுதாள்.

டாக்டர் என் தோளில் தட்டி, “நல்லவேளை, நீங்க இருந்தீங்க,” என்றார். யார் கண்டது, அக்கா அதைத்தான் கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 20, வெள்ளி

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. அடுப்பறைக்குப் பக்கத்து அறையில் கட்டில், நடுவில் ஒரு திரை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை போய் மொழிபெயர்க்கிறேன். நாலு வார்த்தையில் ஒன்று எனக்குப் பிடிபடும். மற்ற மூன்றை நான் போடுவேன்.

எனக்கும் அக்காவுக்கும் பதினாலு வருஷ வித்தியாசம். அந்தப் பதினாலு வருஷத்துக்குள் ஒரு மொழி எங்கள் வீட்டை விட்டு வெளியே போயிருந்தது. அக்கா பிறந்தபோது அம்மா அப்பா கல்மாக்கில் பேசினார்கள். நான் பிறந்தபோது கிர்கிஸில் பேசினார்கள், சண்டையின்போது மட்டும் கல்மாக். அதனால்தான் எனக்குத் திட்டு தெரியும். அக்காவுக்கு மற்றதெல்லாம் தெரியும். அத்தான் இருந்தவரை அவரோடு பேசினாள். அவர் போனபின் அடுப்போடும் மாட்டோடும் முணுமுணுப்பாள். நான் எப்போதாவது போனால் என்னிடமும் ஒரு வாக்கியம் எறிந்து பார்ப்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு கிர்கிஸில் பதில் சொல்வேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன்.

அனார்கான் அக்காவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அக்கா ஏதோ நீளமாகச் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. அனார்கான் சீப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். இருபத்தொன்பது வருஷம் இந்த வீட்டில் உழைத்தவள். அக்கா ஒரு நாளாவது அவளை மகளே என்று கூப்பிட்டதில்லை, ‘ஏய்’தான். கோபம் அதிகமானால் ‘கிர்கிஸ்காரி’. அதெல்லாம் எனக்குத் தெரியாதா?

“உன் கை பஞ்சு மாதிரி இருக்கு மகளேங்கறாங்க,” என்றேன்.

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். தலைத்துண்டு நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அடுப்பறைக்குப் போய்விட்டாள். தோள் குலுங்கியது தெரிந்தது. ஒரு வாக்கியம். ஒரு பைசா செலவில்லை. இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளன் ஐக்கிய நாட்டுச் சபையிலும் கிடையாது.

செப்டம்பர் 26, வியாழன்

எனக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. அக்கா என்னைப் பார்க்கும் பார்வை மாறிக்கொண்டிருக்கிறது. முதல் நாள் அந்த வெளிச்சம் இப்போது இல்லை. ஏதோ கேட்பாள். நான் தலையாட்டுவேன். அவள் திரும்பக் கேட்பாள். நான் இன்னும் பலமாகத் தலையாட்டுவேன்.

சல்தனத்துக்குப் போன் போட்டேன். கல்மாக் வார்த்தைப் பட்டியல் ஏதாவது இருந்தால் அனுப்பும்மா, ஒரு தடவை சரிபார்க்கணும் என்றேன். சந்தோஷமாக அனுப்பினாள். “இந்த ஊருக்கு இதுதான் மாமா முழுப் பட்டியல்!”

திறந்து பார்த்தேன். நூற்றிருபது வார்த்தை. எல்லாம் என்னுடையவை. விமானமும் இருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

அதிசயம்! அக்காவுக்குக் கிர்கிஸ் திரும்புகிறது!

காலையில் நான் நுழையும்போதே, “கெல்,” என்றாள். தெளிவாக. “கெல்.” கிர்கிஸில் ‘வா’. அனார்கான் ஓடிவந்தாள். “மாமா, வான்னு கூப்பிடறாங்க மாமா!” நாங்கள் இருவரும் கட்டிலருகே போனோம். “கெல்,” என்றாள். குனிந்தோம். “கெல், கெல்.” காதை வாயருகே கொண்டுபோனேன். இதற்குமேல் எப்படி அருகில் வருவது? அக்கா இடது கையால் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “கெல்!”

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. எங்களை இல்லை. பக்கத்திலேயே நிற்பவனை யாராவது வா வா என்பார்களா? தூரத்தில் இருப்பவனைத்தான் கூப்பிடுகிறாள்.

“பெய்ஷெனைக் கூப்பிடறா. மகனைப் பார்க்கணுமாம்,” என்றேன்.

அனார்கான் உடனே புருஷனுக்குப் போன் போட்டாள். நான் வாங்கிப் பேசினேன். “உங்கம்மா உன் பேரைச் சொல்லி அழுதாடா. நான் கண்ணால பார்த்தேன். கிளம்பி வா.” பெயரைச் சொல்லவில்லை. அழவும் இல்லை. ஆனால் கூப்பிட்டது கூப்பிட்டதுதானே?

“இப்போ வந்தா என் இடத்துக்கு வேற ஆள் போட்டுடுவாங்க மாமா,” என்றான். பிறகு அவனே சொன்னான். “பரவாயில்ல. அம்மா கூப்பிட்டாங்கன்னா வரேன்.”

அக்டோபர் 2, புதன்

கெல், கெல், கெல். நாள் முழுக்க. வந்துகொண்டிருக்கிறான் அக்கா, ரயிலில் வந்துகொண்டிருக்கிறான்.

அக்டோபர் 6, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் பெய்ஷென் வந்தான். தாடி நரைத்துவிட்டது. பையைக் கூடக் கீழே வைக்காமல் நேரே அம்மாவிடம் போய் மண்டியிட்டான். “அம்மா, வந்துட்டேன்.” அக்கா அவனைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது, இடது கையால் அவன் கன்னத்தைத் தடவினாள். பிறகு அவன் வாயைப் பார்த்துக்கொண்டே, “கெல்,” என்றாள்.

“வந்துட்டேம்மா. இதோ இருக்கேன்.”

“கெல்.”

“வந்துட்டேன்மா!”

அக்கா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெய்ஷென் வந்ததற்கு ஆடு அடித்தோம். மதியம் அடுப்பறையில் வேகவைத்த தலையைத் தட்டில் வைத்து என்முன் தள்ளினார்கள். மூத்தவன் நான்தானே அறுக்க வேண்டும். எல்லோரும் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் கலகலப்பாகட்டும் என்று கத்தியை எடுத்துக்கொண்டு கச்சேரி ஆரம்பித்தேன்.

“கல்மாக் பாடம் கேட்டுக்கோ பெய்ஷென்! இது சிகின். காது. இது நுதின். கண்ணு. இது,” நாக்கை இழுத்து அறுத்துத் தூக்கிக் காட்டினேன், “கெலென். நாக்கு!”

திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

“கெலென்!” அக்காவின் குரல். “கெலென்! கெல்! கெல்!”

கத்தி என் கையிலேயே நின்றுவிட்டது.

நாக்குக்கும் மொழிக்கும் கிர்கிஸில் ஒரே வார்த்தைதான். கல்மாக்கிலும் அப்படித்தான். கெலென் — நாக்கு, பேச்சு. அப்படியானால் கெல் — எனக்கு ஐந்து ஆறு வயது இருக்கும், பால் பானை உடைந்து கிடக்கிறது, அம்மா என் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே கேட்கிறாள்: கெல்! கெல், யார் உடைச்சது?

சொல். சொல், யார் உடைச்சது?

‘வா’ இல்லை. ‘பேசு’.

ஒரு வாரமாக அக்கா எங்களைப் பேசச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் போய் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

“என்ன மாமா ஆச்சு?” என்றான் பெய்ஷென்.

“எலும்பு,” என்றேன். “எலும்பு குத்திடுச்சு.”

அக்டோபர் 7, திங்கள்

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

சொன்னால் என்ன ஆகும்? உன்னைக் கூப்பிடவில்லை என்று பெய்ஷெனிடம் சொல்ல வேண்டும். அவன் வேலை போனது போனதுதான். அவள் மகளே என்று கூப்பிடவில்லை என்று அனார்கானிடம் சொல்ல வேண்டும். கொடுத்ததைப் பிடுங்குவது மாதிரி. ஊர் சிரிக்கும். ஜூனுஷ் வேலிமேல் ஏறி உட்கார்ந்து சிரிப்பான்.

சொல்லாவிட்டால்? அவளைத் தினமும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு —

காய்ச்சல் இல்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இருவரையும் அடுப்பறையில் உட்காரவைத்தேன். கெல் என்றால் பேசு என்று அர்த்தம் என்று ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை. தண்ணீர், பசு, பஞ்சு மாதிரிக் கை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்தது நாற்பது வார்த்தை, அவ்வளவுதான்டா, ஒரு நாளும் அதுக்கு மேல தெரியாது.

பெய்ஷென் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “அப்போ அம்மா என்னைக் கூப்பிடவே இல்லையா மாமா?”

“இல்லடா,” என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு சின்னப் பதில் நான் சொன்னது இன்றைக்குத்தான்.

அவன் எழுந்து வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்தான். தேவைக்கு மேல் பிளந்தான்.

“உன்னையும் ஏமாத்திட்டேம்மா,” என்று அனார்கானிடம் சொன்னேன். “மகளேன்னு அவ சொல்லலை.”

“தெரியும் மாமா.”

“என்னது?”

“அன்னைக்கு அத்தை சொன்னது, மெதுவா சீவுடி மரக்கை, முடியெல்லாம் பிடுங்கற. ‘மோதுன் கர்’. மரக்கை. இருபத்தொன்பது வருஷமா அது எனக்குத்தான் பேரு.” அவள் மாவைப் பிசைந்துகொண்டே பேசினாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. “எனக்குப் புரியாதுன்னு நெனச்சு தினமும் என் முன்னாலயே திட்டுவாங்க. முதல் ரெண்டு வருஷம் புரியல. அப்புறம் எல்லாம் புரிஞ்சுது. சோம்பேறி, உப்பை அள்ளிக் கொட்டறவ, காதில்லாதவ. ‘சிகின் உகா’. ஒண்ணு விடாம தெரியும். புரியுதுன்னு காட்டிக்கிட்டா வீட்ல இருக்க முடியுமா? அதான் காட்டிக்கல.”

“அப்போ ஏன் அழுதே?”

“எனக்காக இதுவரைக்கும் யாரும் ஒரு பொய்கூடச் சொன்னதில்ல மாமா.”

ஆனாலும் கேட்டேன். “எல்லாம் புரியும்னா, கெல் மட்டும் ஏம்மா புரியல?”

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“அதைக் கொண்டா, இதைத் தூக்கு, அந்தப் பக்கம் போ, வாயை மூடு... எல்லாம் என்கிட்டச் சொல்லியிருக்காங்க. பேசுன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே. எப்படித் தெரியும்?”

அக்டோபர் 9, புதன்

இன்று பேசினோம்.

என்னிடம் இருந்ததை எல்லாம் பேசினேன். வேறென்ன செய்ய? கட்டிலருகே உட்கார்ந்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினேன். அக்கா கண்ணைத் திறந்தாள். ஏழை எட்டு என்றும் எட்டை ஏழு என்றும் மாற்றிச் சொல்லியிருக்கிறேன் போல. “தோலான்!” என்று அதட்டினாள். ஏழு. மறுபடி எண்ணினேன். பிறகு குதிரை, ஆடு, காது, கண், பால், தண்ணீர். பிறகு தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம். அக்காவின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. பயந்துவிட்டேன். சிரிப்பு!

என் மூட்டை காலியாயிற்று. அனார்கான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீ வா,” என்றேன். “உங்கிட்டத்தான் நிறைய இருக்கு.”

“அதையா மாமா? நோயாளிகிட்டயா?”

“பேசச் சொல்றா. பேசு.”

கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள். தலைத்துண்டைச் சரிசெய்தாள். புது மருமகள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு, மெல்ல ஆரம்பித்தாள். மாவு பிசையத் தெரியாத மரக்கை என்றாள், கல்மாக்கில், அப்படியே அக்காவின் ராகத்தில். மாட்டுக்கு முன்னால் எழுந்திருக்காத சோம்பேறி என்றாள். அம்மாடி, என்ன சரளம்! நான் நாற்பது வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரை ஆண்டிருக்கிறேன். இவள் ஒரு மொழியையே அடுப்படியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

அக்கா அசையாமல் கேட்டாள். தான் சொன்னவைதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் ரத்தமாய்ச் சிவந்தது. இத்தனை வருஷமும் மருமகளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது என்று அந்த நிமிஷம்தான் தெரிகிறது அவளுக்கு. கண்ணிலிருந்து தண்ணீர் காது வரை ஓடியது. பிறகு இடது கையை நீட்டினாள், அனார்கான் பக்கம். கஷ்டப்பட்டு, ஒவ்வொன்றாக, இரண்டு வார்த்தை சொன்னாள்.

“சிகின்... பேனா.”

இதை மொழிபெயர்க்க எனக்குத் தெரியும். நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கே தெரியும்.

காது இருக்கு.

சாயங்காலம் சல்தனத்துக்குப் போன் போட்டேன். நான் கொடுத்ததில் எது நிஜம், எது வால் முறுக்கியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மிஞ்சியது முப்பத்தெட்டு. விமானத்தைப் பட்டியலிலிருந்து அடிக்கும்போது அவளுக்கும் வருத்தம்தான். “உங்க அக்காவைப் பதிவு பண்ண வரலாமா மாமா?” என்றாள். சீக்கிரம் வாம்மா என்றேன். திங்கட்கிழமை வருகிறாள்.

அக்டோபர் 11, வெள்ளி

இரண்டு நாளாக அக்காவும் அனார்கானும் பேசிக்கொள்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் புரியாமல் கேட்கிறேன். பெய்ஷென் வாசலில் நின்று கேட்கிறான். இன்று உள்ளே வந்து, தண்ணீருக்கு என்ன என்று மனைவியிடம் கேட்டான். அம்மாவிடம் போய், “உசுன்?” என்றான். ஒரு குவளை குடித்தாள், அவன் கையால்.

அக்டோபர் 12, சனி

காலை பத்து மணிக்கு அக்கா போய்விட்டாள்.

சனிக்கிழமை. திங்கள் இல்லை. நான்தான் அந்தப் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். ஐந்து வாரம் முன்னால். ஜூனுஷ் வாயைத் திறந்தான், நான் மூடினேன்.

அக்டோபர் 14, திங்கள்

அடக்கம் முடிந்தது.

முற்றத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்கள் நாங்கள் வெளியே கோலை ஊன்றி நின்று அழுதோம். பெண்கள் உள்ளே. வழக்கப்படி மருமகள் சுவர் பக்கம் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் போல கிர்கிஸில்தான் சொல்வாள் என்று இருந்தோம்.

கூடாரத்துக்குள்ளிருந்து கல்மாக் வந்தது.

சோம்பேறி என்றாள். மரக்கை என்றாள். உப்பை அள்ளிக் கொட்டுகிறவள், மாட்டைவிட மெதுவாக நடக்கிறவள், நரினிலிருந்து எந்தக் கழுதை உன்னைக் கொண்டுவந்து இறக்கியது என்றாள். இருபத்தொன்பது வருஷத்தில் வாங்கியதை எல்லாம், ஒன்று விடாமல், ஒப்பாரி ராகத்தில், நீட்டி நீட்டி. குரல் உடைந்து உடைந்து. எனக்குப் புரிந்தது அதில் பாதி. அந்தப் பாதியே போதும்.

வேறு யாருக்கும் ஒரு வார்த்தையும் புரியவில்லை. முற்றம் முழுக்க அழுதது. வெளியூர்க் கிழவர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். சல்தனத் பதிவுக் கருவியோடு வந்து, அதை எடுக்காமல் வேலியோரம் நின்றாள்.

“என்ன ஒரு ஒப்பாரி!” என்றான் ஜூனுஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “மாமியாரை இப்படிப் புகழ்ந்து நான் கேட்டதே இல்ல. மூசாகுல், என்ன சொல்றாப்பா? கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்.”

சுற்றி நின்ற எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வாய் இப்படியொரு வேளைக்காகவே செய்த வாய். கழுகு என்றிருக்கலாம். தங்கத் தூண் என்றிருக்கலாம்.

“எனக்கு அவ்வளவு தெரியாது,” என்றேன்.

நவம்பர் 21, வியாழன்

நாற்பதாம் நாள் சாப்பாடு நேற்று நடந்தது. இன்று பெய்ஷென் புறப்பட்டான், வேறு கிணற்றில் இடம் கேட்டிருக்கிறான்.

மதியம் அந்த வீட்டுக்குப் போனேன். அனார்கான் எங்கள் வழக்கப்படி உப்புப் போட்ட பால் தேநீர் கொடுத்தாள். உப்புக் கடல். வேண்டுமென்றே போட்டாளா, கை தவறியதா, கேட்கவில்லை. கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அக்காவிடம் திட்டு வாங்க நிற்பாளே, அப்படி. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பிறகு திட்டினேன், கல்மாக்கில். உப்பை அள்ளிக் கொட்டுகிறவளே, மரக்கையே. மூன்றாவது வார்த்தை வாய்க்கு வரவில்லை. அவள் எடுத்துக்கொடுத்தாள். சொன்னேன்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா, மாமா,” என்றாள்.